விஸ்வநத்தத்துக்கு ஒரு கால்பந்து கோச்

மாலை ஐந்தரை மணிக்கு மேல் விஸ்வநத்தத்தில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். வெடி ஆபீஸ்களில் வேலை முடிந்து இறங்கும் பெண்களின் விரல் நுனிகளில் அலுமினியப் பொடி வெள்ளி பூசியதுபோல் ஒட்டியிருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்து, உலை வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தேடினால் சில பிள்ளைகள் தெருவில் இருக்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே, வேலிக்கருவையை வெட்டிச் சமப்படுத்திய கரிசல் தரையில் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். நான் போன ஒரு நாள் எண்ணினேன்; இருபத்து மூன்று பேர். அதில் ஒன்பது பேர் சிறுமிகள்.

அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவருக்கு இருபத்தாறு வயது. பகலில் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை. சாயங்காலம் வண்டியில் ஒரு சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார். பையில் நான்கு பந்துகள், ஒரு காற்றடிக்கும் பம்பு, முள் குத்தினால் ஒட்ட ஒரு டியூப் பசை, பிறகு எல்லைக் குறிக்காக அட்டையைச் சுருட்டி ஒட்டிய நாற்பது கூம்புகள். அச்சகத்தில் கழிந்துபோன லேபிள் அட்டைகளில் அவரே செய்தவை. கூர்ந்து பார்த்தால் ஒரு கூம்பில் பாதி மயில் தெரியும், இன்னொன்றில் சரவெடியின் பெயர் பாதி தெரியும். பிள்ளைகள் அவரைக் 'கோச்சண்ணே' என்று கூப்பிடுகிறார்கள்.

அன்று ஒரு சிறுமியை அவர் திருத்திய விதத்தை எழுதியே ஆக வேண்டும். பதினோரு வயது இருக்கும். பந்து வந்ததும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். அதற்குள் எதிரணிப் பையன் வந்து பறித்துவிடுகிறான். மூன்று முறை இப்படி நடந்தது. கோச்சண்ணன் சத்தம் போடவில்லை. ஆட்டத்தை நிறுத்தி அவளைத் தனியே அழைத்தார். இன்னொரு பையனைப் பந்து தள்ளச் சொன்னார். தான் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, பந்து வரும்போது விரல்களைத் தூக்கிக் காட்டினார். "பந்து காலுக்கு வர்றதுக்குள்ள திரும்பிப் பாத்து, எத்தனை வெரல்னு சொல்லு." முதல் தடவை அவள் திரும்பவே இல்லை. இரண்டாம் தடவை விரலைப் பார்த்தாள், பந்தை விட்டுவிட்டாள். ஏழாவதோ எட்டாவதோ தடவையில் "மூணு" என்று கத்திக்கொண்டே பந்தைக் காலில் நிறுத்தினாள். மறுபடி ஆட்டத்துக்குப் போனதும் ஒரு முறை, ஒரே ஒரு முறை, பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பந்தை ஆளில்லாத பக்கம் தட்டிவிட்டாள். கோச்சண்ணன் கை தட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கைபேசியில் பார்த்தது என்றார். அதற்கு முன்னால்?

"மொத வருசம் எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எங்களுக்கு என்ன செஞ்சாங்களோ அதையேதான் நானும் செஞ்சேன். வந்தவுடனே பத்து ரவுண்டு ஓடு. தப்புப் பண்ணினா இன்னும் அஞ்சு ரவுண்டு."

அந்த வருடம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் குதிகால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். சோம்பேறித்தனம் என்று நினைத்து இவர் ஓடவிட்டிருக்கிறார். பையன் நொண்டத் தொடங்கிய பிறகுதான் அம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். வளரும் வயதில் குதிகால் எலும்பின் நுனி இன்னும் குருத்தாகவே இருக்கும், தசைநார் அதை இழுக்கும், அதிக ஓட்டமும் கடினத் தரையும் சேர்ந்தால் வலி எடுக்கும், கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை ஓடி ஆடும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருகிற வலி அது. பையன் தேறி இப்போதும் ஆடுகிறான். "அந்த வலி பத்தி எனக்கு யாரும் சொல்லலை சார்" என்று அந்த இளைஞர் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பை மறக்க முடியவில்லை. அந்தக் குற்ற உணர்விலிருந்துதான் முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். கால்பந்துப் பயிற்சி என்பது கற்றுத் தேற வேண்டிய தொழில். அதைக் கற்கும் செலவையும், கற்றவருக்கான சம்பளத்தையும் இந்த வட்டாரம் ஏற்க வேண்டும்.

சிவகாசிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமாக இருக்க முடியாது. மருந்து கலக்கும் இடத்தில் பொறுப்பாக நிற்கும் போர்மேனிடம் பயிற்சி எடுத்தாயா, சான்று இருக்கிறதா என்று கேட்கிறோம். விதிகளை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்று 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடி விபத்தைப் பார்த்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முப்பது குழந்தைகளின் முழங்காலையும் மூச்சையும் மனசையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது அவருக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்பதே இல்லை. முன்பு நன்றாக ஆடியவர் என்றால் போதும். ஆடத் தெரிவது வேறு, ஆடக் கற்றுக்கொடுக்கத் தெரிவது வேறு என்பது வீட்டில் சமையல் சொல்லிக்கொடுத்த அம்மாக்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

சிவகாசியின் கதையே ஒரு தொழிலைப் போய்க் கற்றுவந்த கதை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். மாதக்கணக்கில் அங்கே தங்கித் தீப்பெட்டி செய்யும் முறையைக் கூடவே நின்று கற்றார்கள். திரும்பி வந்து, மழையில்லாத இந்தக் கரிசல் காட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்தார்கள். அங்கிருந்து பட்டாசு, அங்கிருந்து அச்சு. ஊருக்குள் வேலை தெரிந்தவர் இல்லையென்றால், தெரிந்த இடத்துக்குப் போய்க் கற்று வருவது என்பது இவ்வூரின் முதல் பாடம். கல்கத்தா கால்பந்தின் ஊரும்கூட. 1961-ல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் பட்டயம் கல்கத்தா மையத்திலும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. விஸ்வநத்தத்திலிருந்து ஓர் இளைஞர் அதே திசையில் இன்னொரு தொழிலுக்காக ரயிலேறினால் நூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாகவே அதைப் பார்ப்பேன்.

இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளர் ஒரு பள்ளி ஆசிரியர். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்; மூன்றுமே அவர் பயிற்சியில் வந்தவை. ஆனால் இந்தப் பதக்கங்களைவிட என்னை ஈர்ப்பது அவர் ஹைதராபாத் பிள்ளைகளுக்கு நடத்திய போட்டிகள். பந்தை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது, வந்த பந்தைத் தட்டிவிட வேண்டும் என்று ஒரு போட்டி. வலுவில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி. குறையைச் சொல்லித் திட்டுவதற்குப் பதிலாக, அந்தக் குறையைப் பிள்ளை தானே கடந்துவர ஒரு விளையாட்டை உண்டாக்குவது. பாடம் நடத்திப் பழகிய மனதுக்குத்தான் இது தோன்றும். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவனுக்குக் கணக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தவர், இடது கால் வராதவனுக்கும் அப்படியே யோசித்திருக்கிறார். விஸ்வநத்தத்துக் கோச்சண்ணன் அந்தச் சிறுமிக்கு விரல் காட்டிய முறையும் இதே வழிதான். ரஹீமைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை, நான்தான் சொன்னேன்.

தமிழருக்கு இன்னொரு பெயரை நினைவூட்ட வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல். அதற்குப் பிறகு நம் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்கே போகவில்லை. அந்தக் கோலைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதல்முறையாகத் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியின் பயிற்சியாளராக இருந்தவர் இதே சுந்தரராஜ் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கேரளம் அதன்பின் எத்தனையோ முறை அந்தக் கோப்பையை வென்றுவிட்டது. தமிழ்நாடு 2012-ல் இறுதிப் போட்டி வரை போய் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. இன்றுவரை ஒரு முறையும் வெல்லவில்லை. நம் மண்ணில் பிறந்த ஒரு பயிற்சியாளருக்குப் பக்கத்து மாநிலம் அணியைக் கொடுத்தது, அவர் கோப்பையைக் கொடுத்தார். இதை நான் பொறாமையோடு எழுதவில்லை, ஏக்கத்தோடு எழுதுகிறேன்.

இன்று இத்தொழிலைக் கற்க வழி தெளிவாகவே இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'இ' சான்றிதழ் முதல் படி. பிறகு 'டி' உரிமம். அதற்கு மேல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'சி', 'பி', 'ஏ', எல்லாவற்றுக்கும் மேலே 'புரோ'. 'டி' உரிமத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆறு நாள் வகுப்பு. நாட்டு அணிக்கு ஆடியிருக்க வேண்டும் என்றெல்லாம் கிடையாது. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக நடுவே உண்மையாகவே பிள்ளைகளையோ அணியையோ பயிற்றுவித்த அனுபவம் வேண்டும். எனவே நினைத்த வேகத்தில் ஏற முடியாது. 'ஏ' உரிமம் வரை போவதற்குள் பல வருடங்கள் கழியும். நாட்டின் மேல்மட்ட லீக்குகளில் தலைமைப் பயிற்சியாளராக நிற்க 'புரோ' உரிமம் கேட்கிறார்கள்.

அந்த ஆறு நாளில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது தெரியாததால்தான் நம் பெற்றோர்கள் அதை ஏதோ சான்றிதழ் வாங்கும் சடங்கு என்று நினைக்கிறார்கள். ஒரு மணி நேரப் பயிற்சியை எப்படித் திட்டமிடுவது, எத்தனை பேருக்கு எவ்வளவு நீள அகலத்தில் கட்டம் போடுவது, பிள்ளைகள் வரிசையில் காத்து நிற்காமல் எல்லோர் காலிலும் பந்து படுவதற்கு என்ன செய்வது, எப்போது ஆட்டத்தை நிறுத்துவது, நிறுத்தியபின் எத்தனை சொல்லில் திருத்துவது. கடைசியில் ஒரு தலைப்பைக் கொடுத்து, சக பயிற்சியாளர்களையே ஆட்டக்காரர்களாக நிறுத்தி, நடத்திக் காட்டச் சொல்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் ஆசான் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். இருபது வருடம் ஆடிய ஆட்டக்காரர்கள்கூட அங்கே திணறுகிறார்கள். காலுக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவது அவ்வளவு கடினம்.

இங்கே நம் மைதானங்களில் சிறுபிள்ளைகளைப் பதினொரு பேர், பதினொரு பேராகப் பெரிய மைதானத்தில் இறக்கிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வலுத்த இரண்டு பையன்கள் பந்தை வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் புழுதியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நாலு பேருக்கு நாலு பேர், சின்னக் கட்டம், சின்ன கோல் என்று வைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து பல மடங்கு அதிகமாக வந்து சேரும். பட்டாசு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற விதி ஏன் வந்தது என்று இங்குள்ள அம்மாக்களுக்குத் தெரியும். விபத்து நேர்ந்தால் சிக்குபவர்கள் குறைவு. சிறுவர் கால்பந்திலோ கூட்டம் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளை மேலும் கண் இருக்கும் என்று கோச்சண்ணன் ஒரு பெற்றோரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா உடனே தலையாட்டினார்.

உடம்பைக் காக்கும் அறிவும் பயிற்சியாளருக்கு வேண்டும். ஃபிஃபா வகுத்த 'லெவன் பிளஸ்' என்ற இருபது நிமிட உடல் தயாரிப்பு முறை இருக்கிறது. ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து மெதுவாக இறங்குவது, வயிறு தொடைத் தசைகளுக்கான அசைவுகள். ஒரு பந்து போதும், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள சிறுமிகளிடம் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-லேயே பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தலையால் முட்டுவதைத் தடை செய்துவிட்டது. இந்தச் செய்திகள் கரிசல் காட்டு மைதானத்துக்கு வந்து சேர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பயிற்சியாளர்.

பொருட்கள் வந்து சேர்கின்றன. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புத் திட்டத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு 33 வகை உபகரணங்கள் என்று அறிவித்தார்கள். ஃபிஃபாவின் பள்ளித் திட்டத்தில் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான பந்துகள் ஒதுக்கப்பட்டன. இரண்டையும் மனமாரப் பாராட்டுகிறேன். காற்றில்லாத ஒரே பந்தோடு ஒரு வகுப்பே விளையாடிய காலத்தைப் பார்த்தவன் நான். ஆனால் பந்தை வாங்குவது ஒரு நாள் செலவு, ஆள் வைப்பது மாதாமாதச் செலவு. நம் நிர்வாகங்கள் முதலாவதை விரும்புகின்றன, இரண்டாவதைக் கண்டு அஞ்சுகின்றன. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது உடற்கல்விக்கு வந்தவர்களுக்கும் மாதம் 5,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

பிழைப்பு என்று பார்த்தால் இந்தத் தொழிலில் மறைக்கக் கூடாத உண்மைகள் உண்டு. 2025-ல் நாட்டின் உச்ச லீக்கான ஐ.எஸ்.எல். போட்டி உரிய காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனது; சில கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைத்தன. உச்சியிலேயே நிலைமை அது. அதே ஆண்டு ஆகஸ்டில் காலித் ஜமீல் இந்திய அணியின் பயிற்சியாளரானார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடத்துக்கு ஓர் இந்தியர் வந்தார். மிசோரத்தின் சின்ன அணியான ஐசாலை 2017-ல் ஐ-லீக் சாம்பியனாக்கியவர் அவர். ஆனால் விஸ்வநத்தத்து இளைஞர் ஒருவர் அந்த உச்சியை நினைத்துக்கொண்டு வேலையை விட்டுவிடக் கூடாது. நானே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு எட்டக்கூடிய பிழைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தனியார் பள்ளிகள் மாலைநேரக் கோச்சைத் தேடுகின்றன. கல்லூரி அணிகள் இருக்கின்றன. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மையங்கள், விடுதிகள் இருக்கின்றன. உரிமத்தோடு பி.பி.எட். பட்டமும் சேர்ந்தால் பள்ளியில் நிரந்தர வேலைக்கு வாய்ப்பு இருக்கிறது. சென்னை நந்தனத்தில் உள்ள, 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து காரைக்குடி அழகப்பா கல்லூரி வரை படிக்க இடமும் இருக்கிறது. இரண்டு பள்ளி, ஒரு மாலை முகாம் என்று சேர்த்தால் அச்சகச் சம்பளத்தைத் தொட்டுவிடலாம். அதற்கு மேல் போவது அவரவர் உழைப்பு.

சிறுமிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கால்பந்தில் கடந்த பத்தாண்டின் நல்ல செய்தி பெரும்பாலும் பெண்களிடமிருந்துதான் வந்தது. 2018-ல் மணிப்பூரையும் 2023-ல் ஹரியாணாவையும் இறுதிப் போட்டியில் வென்று தேசிய மகளிர் கோப்பையைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. நம் மாவட்டத்துக் காரியாபட்டிப் பக்கம் உள்ள சேது பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து வளர்ந்த அணி அது. 2021-22 பருவத்தில் அந்த அணிக்குப் பயிற்சியளித்த கிறிஸ்பின் சேத்ரிதான் 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று இந்திய மகளிர் அணியை ஆசியக் கோப்பைக்குக் கொண்டுபோனவர். கடலூரில் சுனாமிக்குப் பின் மீனவர் குடும்பத்துப் பெண் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துவந்த மாரியப்பன் போன்றவர்கள் இல்லாமல் 2018-ன் அந்தக் கோப்பை இல்லை. ஒவ்வொரு கோப்பைக்குப் பின்னாலும் பத்து, பதினைந்து வருடம் ஒரே இடத்தில் நின்ற ஒரு பயிற்சியாளர் இருக்கிறார்.

அதே நேரத்தில், பெண் பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது தாய்க்கு வரும் அச்சமும் நியாயமானது. 2022-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இந்திய மகளிர் அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவரே பாலியல் முறைகேட்டுப் புகாரில் நீக்கப்பட்டார். உரிமம் பெற்ற, பெயர் பதிவான, கேள்வி கேட்க ஒரு மேலதிகாரி உள்ள பயிற்சியாளர் வேண்டும் என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம். இன்னொரு வழியும் இருக்கிறது. இந்த ஊர்ப் பெண்களையே பயிற்சியாளராக்குவது. மைதானத்தில் மூத்தவளாக இருக்கும் பத்தாம் வகுப்புச் சிறுமி இப்போதே சின்னப் பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுகிறாள், கூம்பு அடுக்குகிறாள், தண்ணீர் குடிக்க நேரம் சொல்கிறாள். பதினெட்டு வயதானதும் அவள் 'டி' உரிம வகுப்பில் சேரலாம். வெடி ஆபீஸ் வேனில் ஏறுவதைத் தவிர வேறொரு வேலை இந்த ஊரில் தனக்கு உண்டு என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. 1996 டிசம்பரில் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றித் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயைக் குழந்தைகள் நல நிதிக்குக் கட்ட வேண்டும், குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. தீக்குச்சிக் கட்டை அடுக்கிய கைகள் மெல்ல மெல்லச் சிலேட்டுக்குப் போயின. அது பெரிய மாற்றம். அதற்காக உழைத்தவர்களை இந்த ஊர் மறக்கக் கூடாது. ஆனால் பள்ளிக்கூடம் முடிந்து அம்மாவின் வேன் வரும் வரையான அந்த இரண்டு மணி நேரம், அது இன்னும் யார் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கிறது. விளையாட்டுக்கு உரிய நேரம் அதுதான்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பயிற்சியாளருக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,40,000. விஸ்வநத்தத்தைச் சுற்றியுள்ள பட்டாசு, அச்சு, அட்டைப்பெட்டித் தொழிற்கூடங்களில் பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு மாதம் 2,000. கம்பெனிச் சட்டத்தின் சமூகப் பொறுப்பு நிதிக்குள் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அடங்கும். இங்குள்ள தொழில்கள் பல கூட்டாண்மை நிறுவனங்கள், அந்தச் சட்டம் அவற்றைக் கட்டாயப்படுத்தாது என்பதும் எனக்குத் தெரியும். பங்குனிப் பொங்கலுக்கும் சித்திரைப் பொங்கலுக்கும் சட்டம் கட்டாயப்படுத்தியா இந்த ஊர் கொடுக்கிறது? பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் கையைத் திறக்கும் அதே மனிதர்களிடம்தான் கேட்கிறேன். உரிம வகுப்புக்கான கட்டணமும், அந்த ஆறு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் ஒரு முதலாளியால் முடியாத காரியமா?

இவ்வளவு சின்ன இடத்தால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஐஸ்லாந்து என்றொரு நாட்டைக் காட்டுவேன். 2016-ல் யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்திக் கால் இறுதிக்குப் போனபோது அதன் மக்கள்தொகை சுமார் 3.3 லட்சம். 2011 கணக்கெடுப்பில் விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 19.4 லட்சம். அந்த அணியின் இரு பயிற்சியாளர்களில் ஒருவரான ஹெய்மிர் ஹால்கிரிம்சன் தொழிலால் பல் மருத்துவர். அந்த நாடு செய்த வேலையில் முக்கியமானது, ஊர் ஊராக உரிமம் பெற்ற பயிற்சியாளர்களை உருவாக்கி, ஆறு ஏழு வயதுக் குழந்தைக்குக்கூடச் சம்பளம் வாங்கும் தேர்ந்த பயிற்சியாளர் கிடைக்கும்படி செய்தது. நம்மிடம் அவர்களின் பணம் இல்லை, கூரை போட்ட மைதானம் இல்லை. ஆனால் பனியும் இல்லை. வருடத்தில் முந்நூறு நாள் சாயங்காலம் நம் பிள்ளைகள் வெளியே ஆட முடியும். ஊராட்சி முயன்றால் பக்கத்து நாலைந்து ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து, 2018-ல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கொண்டுவந்த கோல்டன் பேபி லீக் மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை லீக் நடத்தலாம். அதற்கு மைதானக் கோடு போடச் சுண்ணாம்பும், பொறுப்பான ஓர் ஆளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

கோச்சண்ணனுக்கு 'டி' உரிம வகுப்பில் இடம் கிடைத்தது. கிடைத்த தேதி ஆடி கழிந்த பிறகு. ஆடிப்பெருக்குக்குப் புது வருட காலண்டர் மாதிரிகள் வெளிவந்துவிட்டால் சிவகாசி அச்சகங்களில் மார்கழி வரை மெஷின் நிற்காது. அந்த நேரத்தில் ஆறு நாள் லீவு கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மூன்று வாரம் தயங்கிவிட்டுக் கேட்டிருக்கிறார். சம்பளம் கிடையாது, ஆனால் போய் வா என்றார்களாம். கட்டணத்தில் பாதி அவருடைய சேமிப்பு. மீதியை நாலு அம்மாக்கள் மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார்கள். வெடி ஆபீஸ் கூலியிலிருந்து அதை அடைக்கிறார்கள்.

அவர் பஸ் ஏறிய மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். ஆள் இல்லாததால் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அந்தப் பத்தாம் வகுப்புச் சிறுமி கையில் ஒரு கத்தைத் தாள் வைத்திருந்தாள். ஒரு பக்கம் அச்சு விலகிப்போன புஸ்வாணப் பெட்டி லேபிள்; மறுபக்கம் கோச்சண்ணனின் கையெழுத்தில் ஆறு நாள் பயிற்சிக்கான கட்டங்கள், அம்புக்குறிகள், நிமிடக் கணக்கு. முதல் தாளின் மேலே 'ஓடவிட வேண்டாம், பந்தோடு தொடங்கு' என்று கோடிட்டு எழுதியிருந்தது. அவள் தாளைப் பார்த்துப் பார்த்து எட்டெட்டு அடி அளந்து கூம்பு வைத்தாள். பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்தாள். மூன்று பேர் மிஞ்சினார்கள். என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தவள், அவர்களில் ஒருவனைக் கைபிடித்துக் கூட்டிப்போய் முதல் கட்டத்துக்குள் நிறுத்தி, "பந்து யாருகிட்ட இருக்கோ, அவங்க பக்கம் நீ" என்றாள். மற்ற இருவரையும் அப்படியே அடுத்த கட்டங்களில் நிறுத்தினாள். பிறகு வாயில் விசிலை வைத்தாள்.